பூமியின் வயதும் பாறைகளின் சாட்சியமும்

 

இன்றைய தலைப்பு சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பூமிக்கு என்ன வயது, அதில் உயிர்கள் வாழ்ந்த வரலாறு எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் மிம்பரில் பேசவேண்டிய அவசியம் என்ன என்று கேட்பீர்கள்.

அவசியம் இருக்கிறது. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பூமியின் வயது ஏறக்குறைய 460 கோடி ஆண்டுகள் என்று படிக்கிறார்கள். மாலையில் அதே பிள்ளை மக்தபுக்கு ஓத வருகிறது. வீட்டில் அத்தாவிடமோ, இங்கே உஸ்தாதிடமோ "இது உண்மையா?" என்று கேட்கிறது. பெரும்பாலும் கிடைக்கிற பதில் என்ன தெரியுமா? "பரீட்சைக்கு எழுது, மார்க் வாங்கு. ஆனால் நம்பாதே."

ஈமானைக் காப்பாற்றும் நல்ல எண்ணத்தில்தான் இதைச் சொல்கிறார்கள். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். கை ஒன்றை எழுதட்டும், உள்ளம் வேறொன்றை வைத்துக்கொள்ளட்டும் என்று பத்து வயதுப் பிள்ளைக்கு நாமே கற்றுக்கொடுக்கிறோம். அந்தப் பழக்கம் பாறையோடு நின்றுவிடாது. அந்தப் பிள்ளை வளர்ந்து கல்லூரிக்குப் போய் ஆதாரங்களைத் தன் கண்ணாலேயே பார்க்கும் நாள் வரும். அன்றைக்கு, "அத்தா இந்த ஒரு விஷயத்தில் தவறிவிட்டார்" என்று மட்டும் நினைக்குமா? அத்தா சொன்ன மற்றதையும் சேர்த்தல்லவா சந்தேகப்படும்? இப்படி ஓசையில்லாமல் விலகிப்போன பிள்ளைகள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள்.

மார்க்கம் ஓர் எண்ணைச் சொல்லியிருக்கிறதா?

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்வோம். பூமி படைக்கப்பட்டு இத்தனை ஆண்டுகள் ஆயின என்று திருக்குர்ஆனில் எங்கும் இல்லை. ஆதாரப்பூர்வமான ஹதீஸிலும் இல்லை.

உலகின் வயது ஏழாயிரம் ஆண்டுகள் என்று சில அறிவிப்புகள் பழைய கிதாபுகளில் உண்டு. இமாம் தபரீ (ரஹ்) தமது வரலாற்று நூலின் தொடக்கத்தில் அவற்றை எடுத்துப் பேசி, அந்தக் கணக்கின் பக்கமே சாய்கிறார்கள். ஆனால் அவர்களுக்குப் பின் வந்த அந்துலூஸின் அறிஞர் இப்னு ஹஸ்ம் (ரஹ்), இந்த விஷயத்தில் நமக்குத் தெரிந்த எண் எதுவும் கிடையாது, ஏழாயிரம் என்றோ கூட்டியோ குறைத்தோ சொல்பவர் நபி (ஸல்) அவர்களிடமிருந்து உறுதியாகாத ஒன்றைச் சொல்கிறார் என்ற கருத்தைத் தமது அல்ஃபிஸல் நூலில் பதிவு செய்திருக்கிறார்கள். இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அல்மனாருல் முனீஃபில் அந்த ஏழாயிரம் ஆண்டு அறிவிப்பை இட்டுக்கட்டப்பட்டதற்கு உதாரணமாகவே காட்டுகிறார்கள். நுண்ணோக்கியும் ஆய்வுக்கூடமும் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் உலமாக்கள் எடுத்த முடிவு இது. அறிவியலுக்குப் பயந்து எடுத்த முடிவல்ல. அறிவிப்பாளர் தொடரை எடைபோட்டு எடுத்த முடிவு.

இன்று இணையத்தில் சிலர் உறுதியாகப் பேசும் ஆறாயிரம் ஆண்டுக் கணக்கு நம்முடையதே அல்ல. அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷர் என்பவர் பைபிளின் வம்ச வரிசைகளைக் கூட்டி, கி.மு. 4004-இல் உலகம் படைக்கப்பட்டது என்று 1650-இல் எழுதினார். அங்கே கிளம்பிய சண்டையை நாம் ஏன் நம் வீட்டுக்குள் கொண்டுவந்து சுமக்கவேண்டும்?

"ஆறு நாட்களில் என்று இருக்கிறதே, ஹஜ்ரத்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. அங்குள்ள சொல் 'யவ்ம்'. ஹஜ் அத்தியாயத்திலும் ஸஜ்தா அத்தியாயத்திலும் ஒரு யவ்ம் நம் கணக்கில் ஆயிரம் ஆண்டுகள் போன்றது என்ற பொருளும், மஆரிஜ் அத்தியாயத்தில் ஐம்பதாயிரம் ஆண்டுகள் என்ற பொருளும் வருகின்றன. அந்த ஆறு நாட்கள் நம்முடைய நாட்களைப் போன்றவையா, ஒவ்வொன்றும் ஆயிரம் ஆண்டுகளா என்ற கருத்து வேறுபாட்டை இப்னு கஸீர் (ரஹ்) தமது தஃப்ஸீரில் எழுதியிருக்கிறார்கள். முஜாஹித் (ரஹ்), இமாம் அஹ்மத் (ரஹ்) ஆகியோர் இரண்டாவது கருத்தின் பக்கம் இருந்தார்கள் என்றும் அதிலேயே இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த எண்களை ஆறால் பெருக்கி, ஏதோ ஒன்றால் வகுத்து, "பார்த்தீர்களா, 460 கோடி வந்துவிட்டது" என்று சுற்றிவரும் வாட்ஸ்அப் செய்திகளை யாருக்கும் அனுப்பாதீர்கள். வேதத்தை வாய்ப்பாடாக்கும் வேலை அது. நாளைக்கு எண் 454 என்று திருத்தப்பட்டால் எதைப் பெருக்குவீர்கள்?

கல்லைப் படித்தவர்கள்

பாறையைப் பார்த்துக் காலத்தைப் படிக்கும் கலை ஐரோப்பாவில்தான் பிறந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இப்னு ஸீனா தமது அஷ்ஷிஃபாவில் மலைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஜைஹூன் நதிக்கரையில் மக்கள் தலை கழுவப் பயன்படுத்திய களிமண்ணைச் சிறுவயதில் பார்த்தாராம். ஏறக்குறைய 23 ஆண்டுகள் கழித்து அதுவே மென்மையான கல்லாக மாறியிருந்ததையும் பார்த்தாராம். மலைகளில் படலம் படலமாக அடுக்கு தெரிவதையும், கற்களுக்குள் நீர்வாழ் உயிர்களின் ஓடுகள் கிடப்பதையும் சேர்த்து, இந்த நிலங்கள் ஒரு காலத்தில் நீருக்கடியில் இருந்தவை, ஒன்றன்மேல் ஒன்றாக நீண்ட காலம் படிந்தவை என்று முடிவு செய்கிறார்.

அவர் காலத்திலேயே வாழ்ந்த அபூ ரைஹான் அல்பிரூனி நம் நாட்டுக்கே வந்தார். மலைக்கு அருகே ஆற்றின் வேகம் அதிகமுள்ள இடத்தில் பெரிய உருண்டைக் கற்கள், தள்ளிப்போனால் சிறிய கற்கள், கடலை நெருங்கினால் மணல். இந்த வரிசையைக் கவனித்து, வட இந்தியச் சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து, ஆறுகள் கொண்டுவந்த வண்டலால் தூர்ந்தது என்று தமது இந்தியா பற்றிய நூலில் எழுதினார். அரபுப் பாலைவனத்தில் கிணறு வெட்டும்போது கிளிஞ்சல் கிடைப்பதைச் சொல்லி, அதுவும் கடலாக இருந்த இடமே என்று வேறொரு நூலில் எழுதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வரிகள் இவை!

கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது. மொத்தக் கலையின் அலிஃப் இதுதான். 1669-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டெனோ இதை விதியாகவே எழுதிவைத்தார். பிறகு இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் வேலையில் நில அளவையாளராக இருந்த வில்லியம் ஸ்மித், ஒவ்வொரு அடுக்குக்கும் அதற்கே உரிய புதைபடிவங்கள் இருப்பதையும், ஊர் மாறினாலும் அவற்றின் வரிசை மாறாததையும் கண்டார். 1815-இல் அந்த நாட்டின் பாறை வரைபடத்தை வெளியிட்டார். பாடப்புத்தகத்தில் வரும் கேம்ப்ரியன், டெவோனியன், பெர்மியன், கிரெட்டேஷியஸ் என்ற பெயர்கள் எல்லாம் இந்த வரிசைக்கு வைத்த பெயர்கள்தாம். ஜுஸ்வுக்குப் பெயர் வைத்துப் பிரித்திருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் பார்க்க இங்கிலாந்து போகவேண்டியதில்லை. பெரம்பலூர், அரியலூர் பக்கம் போனாலே போதும். இன்றைய கடற்கரையிலிருந்து அரியலூர் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆனால் அங்குள்ள சுண்ணாம்புப் பாறையில் கடல் சிப்பிகளும், நத்தைபோல் சுருண்ட அம்மோனைட்டுகளும் கிடைக்கின்றன. கிரெட்டேஷியஸ் காலத்தில் கடல் அதுவரை உள்ளே வந்திருந்தது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள ஒரு மரம் முழுக்கக் கல்லாகிக் கிடக்கிறது. கரையில் வளர்ந்த மரம் கடல் வண்டலில் புதைந்து, மெல்ல மெல்லக் கல்லாகியிருக்கிறது. வயது ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதைக் கண்டறிந்து பதிவு செய்தார். அரியலூரைச் சுற்றி ஏன் இத்தனை சிமெண்ட் ஆலைகள்? அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்காகத்தான். அந்தச் சிமெண்டில் கட்டிய பள்ளிவாசலில் நீங்கள் தொழுதிருந்தால், அந்தக் கடலின் ஒரு பங்கு உங்களைச் சுற்றிச் சுவராக நின்றிருக்கிறது.

இரண்டு சாட்சிகள்

வரிசை தெரிந்துவிட்டது. ஆனால் எத்தனை ஆண்டுகள் என்று எப்படித் தெரியும்? "அன்றைக்கு யார் இருந்து பார்த்தார்கள்?" என்று நம்மவர்கள் கேட்கும் கேள்வி இது.

நியாயமான கேள்விதான். ஆனால் இதை நாம் கேட்பது கொஞ்சம் விந்தை. நம்மில் யாரும் ஸஹாபாக்களைப் பார்த்ததில்லை. அறிவிப்பாளர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவரோடு தொடர்பே இல்லாத இன்னொருவர் வேறு வழியாக அதையே சொல்கிறாரா என்று சல்லடை போட்டுச் சலித்த சமுதாயம் நாம். முதாபஅத், ஷாஹித் என்று அதற்கென்றே சொற்கள் வைத்திருக்கிறோம். நேரில் பார்க்காததை எப்படி உறுதிசெய்வது என்பதை உலகத்துக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள் நாம்.

சிர்கான் என்று ஒரு மணிக்கல் உண்டு. மணல் துகள் அளவுதான் இருக்கும். எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகும்போது உருவாகும். உருவாகும்போது யுரேனியத்தைத் தனக்குள் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை ஏறக்குறைய முழுவதுமாக வெளியே தள்ளிவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட யுரேனியம் மாறாத வேகத்தில் ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே பின்னாளில் அதற்குள் இருக்கும் ஈயம் கடந்துபோன காலத்தின் கணக்கு. அதோடு முடியவில்லை. யுரேனியத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பாதி ஈயமாவதற்கு 447 கோடி ஆண்டுகள் ஆகும். மற்றதில் பாதி மாற 70 கோடி ஆண்டுகள். வேகம் வேறு, முடிவில் வரும் ஈயத்தின் வகையும் வேறு. ஒரே கல்லுக்குள் ஒன்றையொன்று சாராத இரண்டு சாட்சிகள்! இரண்டையும் தனித்தனியாக விசாரிக்கிறார்கள். இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள். முரண்பட்டால், அந்தக் கல்லுக்கு இடையில் ஏதோ நேர்ந்திருக்கிறது என்று தனியே வைத்து ஆராய்கிறார்கள். எந்த காளியும் இதைவிட நிதானமாக விசாரிக்க முடியாது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த ஒரு சிர்கானின் வயது ஏறக்குறைய 440 கோடி ஆண்டுகள். பூமியிலேயே மிகப் பழைய கனிமத் துகள் அது. பூமியின் முழு வயதைக் கணக்கிட அமெரிக்காவின் கிளேர் பேட்டர்சன் விண்கற்களின் ஈயத்தை அளந்து, 455 கோடி, 7 கோடி கூடக்குறைய என்று 1956-இல் வெளியிட்டார். இன்றைய கணக்கு 454 கோடி. பாடப்புத்தகம் அதை முழு எண்ணாக்கி 460 என்கிறது.

பேட்டர்சனைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். அளக்க உட்கார்ந்தபோது அவர் எதைத் தொட்டாலும் ஈயம் இருந்தது. மேசையில், காற்றில், தலைமுடியில். அந்த அழுக்கிலிருந்து தப்ப, மிகத் தூய்மையான ஆய்வுக்கூடத்தை உருவாக்கினார். இந்த ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடப்போய், பெரும் பங்கு பெட்ரோலில் கலக்கும் ஈயத்திலிருந்து வருகிறது என்று கண்டார். அதை வெளியே சொன்னதற்காக எண்ணெய் நிறுவனங்களின் பகையைச் சம்பாதித்துக்கொண்டார். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாடு நாடாக அந்தப் பெட்ரோல் ஒழிந்தது. நம் நாட்டில் 2000-இல். கல்லின் வயதைத் தேடப் போனவர் தெருவில் விளையாடும் பிள்ளைகளின் மூளையைக் காப்பாற்றும் வேலையில் போய் நின்றார்.

"அறிவியல் இன்று ஒன்று சொல்லும், நாளை மாற்றும்" என்பார்கள். உண்மைதான். லார்ட் கெல்வின் 1862-இல் பூமி சூடு ஆறும் கணக்கை வைத்து 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடையில் என்றார். அவரிடம் உதவியாளராக இருந்த ஜான் பெர்ரியே, பூமியின் உட்பகுதி மெல்ல இளகி நகர்ந்தால் இந்தக் கணக்கு நிற்காது என்று 1895-இல் காட்டினார். அடுத்த ஆண்டே கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. பெரியவர் சொன்னார் என்பதற்காக யாரும் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அறிவிப்பாளர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அவரது பிழையைச் சுட்டிய ஹதீஸ் கலை இமாம்களின் வழியை அறிந்தவர்களுக்கு இது ஏளனம் செய்யும் விஷயமாகத் தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி பவளப்பூச்சிதான். பவளம் தினமும் மெல்லிய ஒரு கோடு அளவுக்குச் சுண்ணாம்பு சேர்க்கும். பருவம் மாறும்போது அந்தக் கோடுகள் நெருங்கியும் விலகியும் வருவதால் ஆண்டும் அடையாளம் தெரியும். ஜான் வெல்ஸ் என்பவர் டெவோனியன் காலத்துப் பவளப் படிவங்களை எடுத்து, ஓர் ஆண்டுக்குள் எத்தனை கோடுகள் என்று எண்ணி 1963-இல் வெளியிட்டார். ஏறக்குறைய 400! அப்படியானால் அன்றைய நாள் 22 மணி நேரம்தான். நிலவின் ஈர்ப்பால் எழும் கடல் ஓதம் பூமியின் சுழற்சியைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறது, ஆகவே பழங்காலத்தில் நாள் குறுகியதாக இருந்திருக்கவேண்டும் என்று வானியலாளர்கள் முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். யுரேனியமும் நிலவும் பவளமும் ஒன்றுகூடிப் பொய் பேச வழியில்லை. 'யவ்ம்' என்றால் 24 மணி நேரம்தான் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் அந்தப் பவளத்திடம் கேட்கட்டும்.

சென்னையிலிருந்து மக்கா வரை

454 கோடி என்று வாயால் சொல்லிவிடலாம். மனதில் பிடிக்காது. ஓர் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துப் பாருங்கள். எழுபது வயது மனிதரின் வாழ்நாள் ஒரு விரல் நீளம். ஹிஜ்ரத் நடந்து இன்று வரை சுமார் 1.4 மீட்டர்; ஒரு முஸல்லாவின் நீளத்தைவிடக் கொஞ்சம் கூட. பூமியின் முழு வயது 4,540 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மக்காவுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 4,400 கிலோமீட்டர். ஒரு ஹாஜி போவதுபோல் புறப்படுவோம். கஅபாவின் வாசலில் இன்றைய நாள்.

பூமி உருவானது வங்கக் கடலில், சென்னைக்குக் கிழக்கே சுமார் 150 கிலோமீட்டரில். ஜாக் ஹில்ஸ் சிர்கான் சென்னையில். (மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அருகிலுள்ள பல்லாவரம் குன்றின் பாறை பழையது என்று நினைக்கிறோம். அதன் வயது ஏறக்குறைய 250 கோடிதான். அதற்குள் பாதி வழிக்கு அருகில் வந்துவிடுவோம்.) தமிழ்நாடு, கர்நாடகம் கடந்து அரபிக் கடலுக்கு மேல் வந்ததும் 348 கோடி ஆண்டுக்கு முந்தைய உயிரின் தடங்கள். ஆஸ்திரேலியாவின் பில்பராவில் நுண்ணுயிர்கள் படலம் படலமாகக் கட்டிய ஸ்ட்ரோமடோலைட் மேடுகள் அவை. நடுக்கடலில், சுமார் 240 கோடியில், காற்றில் பிராணவாயு சேரத் தொடங்குகிறது. வெயிலை உணவாக்கும் நுண்ணுயிர்கள் கழிவாக விட்ட வாயு அது. அதைத்தான் இப்போது நீங்கள் சுவாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஓமான் கரை வந்துவிட்டது. இன்னும் கண்ணுக்குத் தெரியும் விலங்கு ஒன்றும் இல்லை. சவூதிக்குள் வெகுதூரம் வந்து, மக்காவுக்கு 539 கிலோமீட்டர் இருக்கும்போதுதான் கேம்ப்ரியன் காலம் தொடங்குகிறது. ஓடும் காலும் கண்ணும் உள்ள உயிர்கள் பாறைகளில் திரளாகத் தெரிகின்றன. 252-வது கிலோமீட்டரில் பேரழிவு. சைபீரியாவில் நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்து, காற்றும் கடலும் கெட்டு, கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் மறைந்தன. கேம்ப்ரியன் தொட்டு நீந்திவந்த ட்ரைலோபைட்டுகள் அத்தோடு முடிந்தன. டைனோசர்கள் அதற்குப் பிறகு வந்து, மக்காவுக்கு 66 கிலோமீட்டர் இருக்கும்போது, அதாவது தாயிஃபை எட்டுவதற்குச் சற்று முன்பு, மறைந்தன. அந்த எல்லைக்கோட்டில் இத்தாலியின் குப்பியோவில் ஒரு விரல் கனம்கூட இல்லாத களிமண் படலம் இருக்கிறது. விண்கற்களில் மிகுந்து காணப்படும் இரிடியம் அதில் அளவுக்கு மீறி இருப்பதை லூயிஸ் அல்வாரெஸும் அவருடைய மகன் வால்டரும் மற்றவர்களும் 1980-இல் அறிவித்தார்கள். மோதிய இடம் மெக்சிகோவின் சிக்ஸுலூபில், 180 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளமாகப் பின்னர் உறுதியானது. அரியலூர் அம்மோனைட்டுகளின் இனமும் அத்தோடு முடிவுக்கு வந்தது.

கடைசி ஒன்றரை மீட்டருக்குள் நம் கிலாபத் வரலாறு, நம் கிதாபுகள், நம் சண்டைகள் அத்தனையும்.

ஆதம் (அலை) அவர்களின் படைப்பு பற்றி இங்கே ஒரு வார்த்தை. அது தனிப் பாடம், அதற்கான ஆதாரங்களும் தனி. அதை அதற்குரிய இடத்தில் பேசவேண்டும். பாறையின் வயதை மறுப்பதால் ஆதம் (அலை) அவர்களைப் பற்றிய நம் நம்பிக்கை ஒரு கடுகளவும் பலப்படப்போவதில்லை. ஏற்பதால் பலவீனப்படவும் இல்லை. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பிள்ளையின் கழுத்தில் மாட்டியவர்கள் நாம்தான்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை கேட்டால் "எழுது, நம்பாதே" என்று சொல்லாதீர்கள். 460 கோடி என்று எழுதட்டும். எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் சிர்கானையும் பவளத்தையும் சொல்லத் தெரிந்திருக்கட்டும். பள்ளி விடுமுறையில் ஒருநாள் சாத்தனூருக்கு அழைத்துப்போங்கள். கல்லாகிக் கிடக்கும் மரத்தின் முன்னால் நின்று பிள்ளை கேட்கும் கேள்விகளில் உங்களுக்கு விடை தெரியாதவற்றை எழுதிக்கொண்டு வாருங்கள். அஸருக்குப் பிறகு நான் பள்ளியில்தான் இருப்பேன்.